5,000 மீட்டரில் எந்த அடுப்பு?

உயரம் ஏற ஏற கேஸ் அடுப்பு படுத்துவிடும் என்று மலையேறுகிறவர்களே சொல்வதுண்டு. பழி உயரத்தின் மேல் விழுகிறது, ஆனால் வேலையைக் கெடுப்பது குளிர். உயரம் கேஸுக்குக் கொஞ்சம் உதவியே செய்கிறது.

அடுப்பில் திருகி மாட்டும் சின்ன கேஸ் குப்பிக்குள் இருப்பது பியூட்டேன், ஐசோபியூட்டேன், புரொப்பேன் போன்றவை கலந்த திரவம். அது உள்ளேயே கொதித்து ஆவியானால்தான் பர்னருக்கு வரும். கடல்மட்டத்தில் பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில் கொதிக்கும், ஐசோபியூட்டேன் மைனஸ் 12-ல், புரொப்பேன் மைனஸ் 42-ல். 5,000 மீட்டரில் காற்றழுத்தம் ஏறக்குறைய பாதிதான். அதனால் அங்கே பியூட்டேன் மைனஸ் 16-லேயே கொதித்துவிடும். 15 டிகிரி லாபம்! ஆனால் ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குளிர் கூடுகிறதே. 5,000 மீட்டருக்கு அந்தக் குளிர் மட்டுமே 30 டிகிரிக்கு மேல், 15 டிகிரி லாபம் அதற்கு ஈடாகாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆவியாகும் திரவம் தன் வெப்பத்தையே செலவழிப்பதால் எரிய எரிய குப்பி சில்லிட்டு, வெளியே பனி பூக்கும். முதலில் ஓடிப்போவது புரொப்பேன். மிஞ்சுவது சோம்பேறி பியூட்டேன். பாதி குப்பி மீதமிருந்தும் விடிகாலையில் தீ சிணுங்குவது இதனால்தான். குப்பியைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வைத்தால் போதும். அந்த உயரத்தில் ஐஸ் தண்ணீர்கூட பியூட்டேனுக்குச் சுடுதண்ணீர். குப்பியைத் தலைகீழாக வைத்து, திரவத்தையே குழாயில் இழுத்துச் சூடாக்கி எரிக்கும் அடுப்புகள் இன்னும் நல்லவை. அதற்கென்று செய்யாத அடுப்பில் இதைச் செய்தால் தீ குபீரென்று எழும்பும்.

கடுங்குளிருக்கு நம் வீட்டுப் பழைய பம்ப் ஸ்டவ்வின் வாரிசுகள்தான் சரி. அழுத்தத்தை நாமே கையால் ஏற்றுவதால் குளிர் அதை அசைக்காது. 1953-ல் எவரெஸ்ட் உச்சிக்குக் கிளம்பிய காலை, உறைந்துபோன பூட்ஸை ஹிலாரி இளக்கியது அப்படியொரு பிரைமஸ் அடுப்பில்தான். மண்ணெண்ணெய் என்றால் முதலில் பர்னரைச் சூடாக்க வேண்டும், கரியும் பிடிக்கும்.

எரிபொருளைப் பெரும்பாலும் தின்பது சமையல் அல்ல, தண்ணீர். ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல்; உருகிய தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய இன்னொரு அதே அளவு. பாதி வெப்பம் காற்றோடு போகும் என்று வைத்தால் லிட்டருக்கு 30 கிராம் கேஸ். அப்படிக் கொதித்தும் தண்ணீர் 83 டிகிரியைத் தாண்டாது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைக்கும் ஆசையை விட்டுவிடலாம். குளிருக்குப் பயந்து மூடிய டென்ட்டுக்குள் பற்றவைப்பதும் வேண்டாம். அடுப்பு எரியும்போது வரும் விஷ வாயுவான கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடை கிடையாது.

நேபாளம் போகிறவர்கள் அங்கே என்ன கிடைக்கும் என்று பார்த்துவிட்டு அடுப்பை வாங்குவது நல்லது, ஏனென்றால் கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்றவே முடியாது. காட்மாண்டு தமேல் கடைகளிலும் எவரெஸ்ட் போகும் வழியிலுள்ள நாம்சே பஜாரிலும் குப்பி கிடைக்கும். விலை மலிவாக இருந்தால் காலிக் குப்பியில் மறுபடி நிரப்பியதாக இருக்கலாம், வால்வைப் பார்த்து வாங்குங்கள். பம்ப் அடுப்பு கொண்டுபோகிறவர்கள் எண்ணெய் வாடை துளியும் இல்லாமல் கழுவிக் காயவைக்க வேண்டும். வாடை அடித்தாலே விமான நிலையத்தில் எடுத்து வைத்துவிடுவார்கள்.