‘ஒப்புதல் மதிப்பீடு’ என்று எழுதாதீர்கள்

‘அதிபரின் ஒப்புதல் மதிப்பீடு சரிந்தது.’ வெளிநாட்டுச் செய்திகளில் இந்தத் தொடர் கண்ணில் படாத வாரமே இல்லை. ‘அப்ரூவல் ரேட்டிங்’ என்பதை இரண்டு துண்டாக்கி, அகராதியில் கிடைத்த முதல் பொருள்களை ஒட்டவைத்த சொல் இது. படிப்பவருக்கு என்ன புரியும்? அதிபர் எதற்கோ ஒப்புதல் கொடுத்தார், அதை யாரோ மதிப்பிட்டார்கள் என்றுதான் புரியும்.

மூலச்சொல்லான ‘அப்ரூவல்’ லத்தீன் வழி வந்தது. ஒன்றை நல்லதெனக் கொள்வது அதன் அடிப்பொருள். அமெரிக்காவில் ஜார்ஜ் கேலப் 1930களில் தொடங்கிய கருத்துக்கணிப்புகளால் அரசியலில் வேரூன்றியது. கேள்வி எளிது: அதிபர் தன் பொறுப்பைக் கையாளும் விதம் சரியென்று நினைக்கிறீர்களா, இல்லையா? சரி என்றவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே அந்த எண்.

இதில் ஒப்புதல் எங்கே வந்தது? தமிழில் ஒப்புதல் என்பது அதிகாரம் உள்ளவர் தருவது. மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் தருவார், கோப்புக்கு மேலதிகாரி தருவார். தராவிட்டால் காரியம் நின்றுவிடும். கணிப்பில் பதில் சொல்பவர் கையில் அப்படி எதுவும் இல்லை. 1952 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ட்ரூமனின் செயல்பாட்டைச் சரி என்றவர்கள் 22 விழுக்காடுதான். அடுத்த ஆண்டு ஜனவரி வரை அவர்தான் அதிபர். ‘22 விழுக்காடு ஒப்புதல்’ என்று எழுதினால், இவர் எப்படிப் பதவியில் நீடித்தார் என்று வாசகர் குழம்புவது நியாயம்தானே? மதிப்பீடும் பொருந்தாது. இங்கே யாரும் மதிப்பெண் போடவில்லை. ஆம், இல்லை என்று சொன்னவர்களை எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

‘ஆதரவு’ என்று எழுதுவோர் உண்டு. படிக்கத் தடங்கல் இல்லை, ஆனால் பொருள் வழுக்கிவிடுகிறது. ஆதரவு என்றதும் வாக்குதான் நினைவுக்கு வரும். வளைகுடாப் போர் முடிந்த கையோடு, 1991-இல் அன்றைய அமெரிக்க அதிபர் மூத்த புஷ்ஷின் செயல்பாட்டைச் சரி என்றவர்கள் 89 விழுக்காடு. மறு ஆண்டுத் தேர்தலில் அவருக்குக் கிடைத்த வாக்கு 37 விழுக்காட்டுச் சொச்சம். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிவிட்டு வேறுபாட்டை எப்படி விளக்குவது?

தூய தமிழ் அன்பர்கள் ‘ஏற்பு விகிதம்’ என்கிறார்கள். ஏற்பு நல்ல சொல், ஆனால் தலைவர் பெயருக்குப் பக்கத்தில் வைத்தால் பதவியேற்பு வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘நிறைவு விகிதம்’ என்றாலோ, வேலை எவ்வளவு முடிந்தது என்ற கணக்காகத் தொனிக்கிறது.

நான் எழுதுவது ‘செயல்பாட்டுத் திருப்தி’. திருப்தி வடசொல் என்பார்கள், ஆமாம், வடசொல்தான். தூய்மையில் எனக்கும் அக்கறை உண்டு. ஆனாலும் எல்லோருக்கும் சட்டென்று புரியும் சொல்லைத் தள்ளிவிட்டு, யாருக்கும் புரியாத ஒன்றைத் தூய்மை என்ற பெயரில் திணிப்பதை ஏற்க மாட்டேன். முன்னால் ‘செயல்பாடு’ இருந்தாக வேண்டும். வெறும் திருப்தி என்றால், நாடு போகும் போக்கில் திருப்தியா என்று தனியாகக் கேட்கப்படும் கேள்வியோடு கலந்துவிடும். ஆளைப் பிடித்திருக்கிறதா என்பதும் வேறு கேள்வி; ஒருவரின் நடத்தையைக் குறைசொல்பவரும் அவர் வேலையைச் சரி என்னலாம். 1998 டிசம்பரில் அமெரிக்க அதிபர் கிளின்டனைப் பதவிநீக்கும் நடவடிக்கைக்குப் பிரதிநிதிகள் அவை வாக்களித்தது; அதையொட்டி எடுத்த கேலப் கணிப்பில் அவர் செயல்பாட்டைச் சரி என்றவர்கள் 73 விழுக்காடு.

எதிர்ச்சொல்லைத் தேடி அலையவும் வேண்டாம். ‘ஒப்புதலின்மை மதிப்பீடு’ என்று வாயில் நுழையாத ஒன்றை எழுதுகிறவர்கள், மக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் ‘அதிருப்தி’யை ஏன் மறந்தார்கள்? மொழிபெயர்ப்பவர் ஆங்கில வரியிலிருந்து கண்ணை எடுத்து, இதை நம் ஆட்கள் எப்படிப் பேசுவார்கள் என்று ஒரு நொடி யோசித்தால் போதும். ‘அதிபரின் செயல்பாட்டில் பாதிப்பேருக்கு அதிருப்தி’ என்று தலைப்பு தானாக வந்துவிடும்.