ஈரான் மீதான தடைப் பட்டியலில் எஃகுக்கும் கார்பன் இழைக்கும் என்ன வேலை?

ஈரான் மீதான ஐ.நா. தடைகள் 2025 செப்டம்பர் இறுதியில் மீண்டும் நடைமுறைக்கு வந்ததையொட்டி வாசகர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஆயுதம் விற்கக் கூடாது என்பது புரிகிறது, எஃகையும் கார்பன் இழையையும் ஏன் தடுக்க வேண்டும் என்பதே அது.

இத்தடைகளுக்கு இரண்டு வேர்கள் உண்டு. 1984 ஜனவரியில் அமெரிக்கா, பயங்கரவாதத்துக்குத் துணைநிற்கும் அரசுகளின் பட்டியலில் ஈரானைச் சேர்த்தது. அணுத்திட்டத்துக்காகப் பாதுகாப்பு அவை 2006 டிசம்பரில் 1737-ஆம் தீர்மானத்தின் மூலம் தடை விதித்தது. அணுத்திட்டத்தைக் கட்டுப்படுத்த உலக வல்லரசுகளுடன் ஈரான் செய்துகொண்ட 2015 உடன்பாட்டைத் தொடர்ந்து அணுத்திட்டத் தடைகள் பல விலக்கப்பட்டபோதும், பயங்கரவாதம் தொடர்பான அமெரிக்கத் தடைகள் நீடித்தன. அவை பெரும்பாலும் பணத்தின் வழியை அடைப்பவை. அணுத்திட்டத் தடைகளிலோ பொருள்களின் நீண்ட பட்டியலும் உண்டு. அதில் எவை இடம்பெற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இயற்பியல்.

இயற்கை யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களுக்கு ஏழு மட்டுமே பிளவுறும் யுரேனியம்-235, ஏனையவை யுரேனியம்-238. வேதியியலால் இவ்விரண்டையும் பிரிப்பது மிகக் கடினம் என்பதால், யுரேனியத்தை ஹெக்சாபுளோரைடு வாயுவாக்கி, நிறை வேறுபாட்டைக் கொண்டு பிரிக்கிறார்கள். ஃபுளோரினுக்கு இயற்கையில் ஒரே ஓர் ஐசோடோப்பு (நிறையால் வேறுபடும் அணுவகை) மட்டும் இருப்பது நல்வாய்ப்பு. மூலக்கூறுகளின் நிறை 349, 352 என அமைந்து, வேறுபாடு முழுவதும் யுரேனியத்தினுடையதாகவே இருக்கிறது.

நுண்துளைச் சவ்வின் வழியே வாயுவைச் செலுத்தும் பழைய முறை இவ்விரு நிறைகளின் விகிதத்தை நம்பியிருந்ததால், ஒரு படியில் அதிகபட்சம் 0.43 சதவீதமே பிரிக்க முடிந்தது. வாயுவை உருளைக்குள் அதிவேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் மையவிலக்கு இயந்திரத்துக்கு விகிதம் பொருட்டல்ல. 3 என்ற அந்த வேறுபாடே போதும். அதனுடன் விளிம்பு வேகத்தின் வர்க்கம் பெருக்கப்பட்டு, அந்தப் பெருக்கல் அடுக்குக்குறியில் அமர்கிறது என்பதுதான் என்னை எப்போதும் வியக்கவைக்கும் அழகு. விளிம்பு நொடிக்கு 330 மீட்டரில் சுழன்றால், அச்சுக்கும் சுவருக்கும் இடையிலான செறிவு வேறுபாடு ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம். 600 மீட்டரில் அது 20 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. உருளைக்குள் வாயுவை மேலும் கீழுமாகச் சுற்றவிட்டு இந்த வேறுபாட்டை மேலும் பெருக்குகிறார்கள்.

வேகத்துக்கு எல்லை வகுப்பது உருளையின் பொருள். அது எட்டக்கூடிய உச்ச வேகத்தின் வர்க்கம், பொருளின் இழுவலிமையை (இழுத்தால் அறுபடாமல் தாங்கும் வலிமை) அடர்த்தியால் வகுத்தால் கிடைப்பது. உருளை பெரிதா சிறிதா என்பதே அந்தக் கணக்கில் இல்லை. அணுசக்தி விநியோக நாடுகள் குழுவின் கட்டுப்பாட்டுப் பட்டியல் இழுவலிமையில் அலுமினியக் கலவைக்கு 460 மெகாபாஸ்கல் என்றும், மிகு வலிமை கொண்ட மாரேஜிங் எஃகுக்கு 1,950 மெகாபாஸ்கல் என்றும் வரம்பு வைக்கிறது. கணக்கிட்டால் முறையே நொடிக்குச் சுமார் 410, 490 மீட்டர் வருகிறது. வலிமை மிகுந்து அடர்த்தி குறைந்த கார்பன் இழை இவ்விரண்டையும் விஞ்சும். வாசகரின் கேள்விக்கு விடை இந்த ஒற்றை வகுத்தலில் இருக்கிறது.

சரி, ஈரான் எட்டிய 60 சதவீதச் செறிவு (யுரேனியத்தில் யுரேனியம்-235-இன் பங்கு) ஏன் இவ்வளவு அச்சமூட்டுகிறது? அந்த ஏழு அணுக்களையே பின்தொடர்வோம். 4 சதவீதத்தை எட்ட, ஆயிரத்தில் 825 யுரேனியம்-238 அணுக்களை விலக்க வேண்டும். 20 சதவீதத்துக்கு மேலும் 140, அங்கிருந்து 60 சதவீதத்துக்கு ஏறத்தாழ 23. ஆயுதத்தரமான 90 சதவீதத்துக்கு அதன்பின் நான்கே நான்கு. கடும் உழைப்பெல்லாம் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது.

ஆகவே, பொருள்களின் மீதான தடையைத் தொடர்வது அறிவியல்படி நியாயமானது என்றே கருதுகிறேன். ஆனால் மருந்துக்கு விதிவிலக்கு இருந்தும், தண்டனைக்கு அஞ்சி வங்கிகள் பணப்பரிமாற்றத்தை மறுப்பதால் நோயாளிகள் துன்புறுவதை எந்தச் சமன்பாடும் நியாயப்படுத்தாது. புதிய இயந்திரங்களைத் தாமதப்படுத்தும் தடைகள், ஏற்கெனவே செறிவூட்டியதைக் குறைப்பதும் இல்லை. 2025 ஜூன் தாக்குதல்களுக்கு முன் ஈரானிடம் 60 சதவீதச் செறிவுள்ள யுரேனியம் 440.9 கிலோ இருந்ததாகச் சர்வதேச அணுசக்தி முகமை மதிப்பிட்டது. அதை எண்ணிச் சரிபார்ப்பது ஆய்வாளர்களின் வேலை. தடைகளை மீட்டெடுக்க முனைந்த நாடுகள் அவர்களின் பணிக்கும் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும்.