கடைசிப் படி மட்டும் ஏன் மறந்துபோகிறது?

ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “வேலை செய்யும் முறையை வரிவரியாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பையன்கள் எல்லாம் சரியாகச் செய்கிறார்கள். கடைசி வரியில்தான் கோட்டை விடுகிறார்கள். ஏன்?” அவர் எழுதிய கடைசி வரி: ‘மூடியைத் திறந்து அசலை எடுத்துக் கொடுக்கவும்.’

பையனைத் திட்டிப் பயனில்லை. ஒரு வேலையைத் தொடங்கும்போது அதன் இலக்கை மூளை தற்காலிக நினைவில் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு படியும் அந்த இலக்கைப் பற்றிக்கொண்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது. நகல் கைக்கு வந்துவிட்டதா? இலக்கு முடிந்தது. மூளை பிடியை விடுகிறது, மிச்சமிருந்த படியும் கூடவே நழுவிவிடுகிறது. மூடிக்கு அடியில், கண்ணாடியின் மேல், ஆதார் அட்டை குப்புறக் கிடக்கிறது. சமைத்து முடித்ததும் சிலிண்டரை மூட மறப்பதும் இப்படித்தான்.

உளவியல் ஆய்வாளர்கள் மைக்கேல் பைர்ன், சூசன் போவேர் இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், நினைவின் மேல் வேறு சுமையும் ஏறும்போது இந்தப் பிழை கூடுவதைக் காட்டினார்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் “தம்பி, ரெண்டு காப்பி” என்று தாளை நீட்டினால் பையன் என்ன செய்வான்!

இதற்கு ஏடிஎம் கண்ட தீர்வு எனக்கு அவ்வளவு பிடிக்கும். பணம் முதலில் வந்த இயந்திரங்களில் மக்கள் அட்டையை விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு படிகளின் வரிசை மாற்றப்பட்டது: அட்டையை எடுத்தால்தான் பணம். மறக்கக்கூடிய படி இலக்குக்கு முன்னால் வந்துவிட்டது.

அறுவை சிகிச்சையில் அப்படி மாற்ற முடியாது, உள்ளே வைத்த பஞ்செல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று கடைசியில்தான் எண்ணிப் பார்க்க முடியும். அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2008-ஆம் ஆண்டுச் சரிபார்ப்புப் பட்டியல் வாசலிலேயே ஒரு தடை வைக்கிறது. கருவி, பஞ்சு, ஊசிக் கணக்கு சரி என்று செவிலியர் வாய்விட்டுச் சொன்ன பிறகே நோயாளி அரங்கை விட்டு வெளியே போக வேண்டும்.

ஏதாவது தொலைந்தால் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டுகிற கடைகள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்த வரியில் தவறு நடந்தது என்று தாளிலேயே குறித்து வைப்பதுதான் நாளைக்கு உதவும்.

வாசகருக்கு என் யோசனை: கடைசி வரியை அடித்துவிடுங்கள். ‘அச்சு நின்றதும் அசலை எடு. அதன் மேல் நகலை வை. அப்புறம் காசு வாங்கு’ என்று எழுதுங்கள். அந்தப் பையனையே பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். சாயங்காலக் கூட்டத்தில் ஒரு வாரம் பாருங்கள். இன்னும் தடுமாறினால், தாளைத்தான் மறுபடி திருத்த வேண்டும்.