காசினோவில் அறை ஏன் இலவசமாகக் கிடைக்கிறது?

பெரிய காசினோக்களில் சூதாட்ட மேசைகளோடு ஹோட்டல், சாப்பாடு, இசை நிகழ்ச்சி எல்லாம் உண்டு. ஆடுகிறவருக்குக் குடிக்க இலவசமாகக் கொடுப்பார்கள், கொஞ்ச நேரம் ஆடினால் அறைகூட இலவசம். இதெல்லாம் எப்படிக் கட்டுப்படியாகிறது? சக்கரத்தில் ஏதோ தில்லுமுல்லு செய்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அதற்குத் தேவையே இல்லை.

ரூலெட்டை எடுத்துக்கொள்ளுங்கள், எண் போட்ட குழிகள் உள்ள சக்கரத்தைச் சுழற்றிப் பந்து எதில் விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம் அது. ஐரோப்பியச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். நீங்கள் வைத்த எண்ணில் பந்து விழுந்தால் ஒரு சிப்புக்கு (பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வில்லை) 35 தருவார்கள், வைத்த சிப்பும் திரும்ப வரும். சரி, 37 எண்களிலும் எண்ணுக்கு ஒன்றாக 37 சிப் வைத்துவிடுங்கள். பந்து எங்கே விழுந்தாலும் ஜெயிப்பது நீங்கள்தான், ஆனால் கைக்கு வருவது 36. அந்த ஒரு சிப்தான் காசினோவின் பங்கு, 2.7 சதவீதம். அமெரிக்கச் சக்கரத்தில் 00 என்று இன்னொரு குழி இருப்பதால் அது 5.26 ஆகிவிடுகிறது.

2.7 தானே என்று தோன்றும். இங்கேதான் பலருக்கும் கணக்குத் தப்புகிறது. 5,000 எடுத்துக்கொண்டு போய், சுற்றுக்கு 100 வீதம், மணிக்கு 40 சுற்று, நான்கு மணி நேரம் ஆடினால், ஜெயித்த பணத்தையும் திரும்பத் திரும்ப வைத்து மொத்தம் 16,000க்குப் பந்தயம் கட்டியிருப்பீர்கள். காசினோ 2.7 சதவீதம் எடுப்பது அந்த 16,000இல், அதாவது சராசரியாக 432. பொத்தானை அழுத்தி ஆடும் ஸ்லாட் மெஷினில் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓடிவிடும் என்பதால் சின்னச் சின்னப் பந்தயம்கூட மளமளவென்று பெருகும்.

உங்கள் 160 சுற்றுகளில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், லாபத்தோடு வீடு திரும்பவும் வாய்ப்பு நிறையவே இருக்கிறது. காசினோ பார்ப்பதோ லட்சக்கணக்கான சுற்றுகளை. எண்ணிக்கை கூடக்கூட முடிவு சராசரியை நெருங்கும் என்பதைக் கணித மேதை யாக்கோபு பெர்னூலி நிரூபித்தது 1713இல் வெளிவந்த நூலில். ஆனால் இதைத் தப்பாகப் புரிந்துகொள்பவர்களும் உண்டு. ரூலெட் எண்களில் 0 தவிர பாதி சிவப்பு, பாதி கறுப்பு, நிறத்தின் மேலும் பந்தயம் கட்டலாம். 1913 ஆகஸ்ட் 18 அன்று மொனாக்கோ நாட்டின் மான்டே கார்லோ காசினோவில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது. அடுத்தது சிவப்புதான் என்று நம்பி மக்கள் பணத்தைக் கொட்டி இழந்தார்கள். முந்தின சுற்றில் என்ன விழுந்தது என்பது சக்கரத்துக்குத் தெரியாது, இதை மனசு ஏற்க மறுப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

அப்புறம் அந்த இலவச அறை. சராசரிப் பந்தயம், மணிக்கு எத்தனை சுற்று, எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள், காசினோவின் சதவீதம் எவ்வளவு, இந்த நான்கையும் பெருக்கி உங்களிடமிருந்து எதிர்பார்க்கும் வரவைக் கணக்கிடுகிறார்கள். அதில் ஒரு பகுதிதான் அறையாகவும் விருந்தாகவும் திரும்பி வருகிறது. அதனால் அன்றைக்கு நீங்கள் ஜெயித்திருந்தாலும் அறை கொடுப்பார்கள், நாளைக்கும் வந்து மேசையில் உட்கார வேண்டுமே.