பேனல் கோட்டில் வண்ணம் தானாக ஓடுவது எப்படி?

ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாதிரியைச் செய்து முடித்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பேனல் கோடுகளில் கறுப்பு வாஷ் விட்டேன். கோடு சுத்தமாகத்தான் விழுந்தது. ஆனால் தள்ளி வைத்துப் பார்த்தால் விமானம் குளியலறைச் சுவரில் டைல்ஸ் ஒட்டியது போல இருக்கிறது. கோட்டை இன்னும் மெல்லியதாகப் போடுவது எப்படி?"

பேனல் கோடு என்பது விமானத்தின் தகடுகள் சேரும் இடத்தைக் காட்ட மாதிரியில் இருக்கும் மெல்லிய பள்ளம்; வாஷ் என்பது அதில் ஓடவிடும், மிகவும் நீர்க்கக் கரைத்த வண்ணம். கோட்டை மெல்லியதாக்க வேண்டாம். வெளிறியதாக்கினால் போதும். ஏனென்று ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம்.

நிஜ விமானத்தில் இரண்டு உலோகத் தகடுகள் சேரும் இடத்தில் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 72-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் அது 0.028 மி.மீ. தலைமுடியைவிட மெல்லியது. மாதிரியை 30 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்ப்பது நிஜ விமானத்தை ஏறக்குறைய 22 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். நல்ல கண்ணின் பிரிதிறன் ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு, 30 செ.மீ. தூரத்தில் அது 0.09 மி.மீ. அதைவிடக் குறுகலான கருங்கோடு கண்ணுக்கு மறைந்துவிடுவதில்லை. சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து, அகலமான, மங்கலான கோடாகத் தெரிகிறது. 0.028-ஐ 0.09-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அதாவது, 0.028 மி.மீ. அகலக் கருங்கோடும், 0.09 மி.மீ. அகலத்தில் அதன் மூன்றில் ஒரு பங்கு அடர்த்தியுள்ள கோடும் கண்ணுக்கு ஒன்றுதான்.

மாதிரிகளை அச்சில் வார்க்கும்போதே வரும் பள்ளம் பெரும்பாலும் 0.1 மி.மீ. ஒட்டியே இருக்கும். நிஜத்தில் அது 7 மி.மீ. இடைவெளி, எந்தப் போர் விமானமும் அப்படி வாயைப் பிளந்துகொண்டு பறக்காது. அதில் முழுக் கறுப்பை நிரப்பினால் டைல்ஸ்தான். அடிப்படை நிறத்தைவிட ஓரிரு படி மட்டும் கருத்த வாஷை நிரப்பினால், அச்சு செய்த பிழையைக் கண்ணே சரிசெய்துவிடும். இதே கணக்கை 1/48-க்குப் போட்டால் பாதி அடர்த்தி, 1/32-க்குப் போட்டால் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. மாதிரி பெரிதாகப் பெரிதாகக் கோடும் கருக்கலாம்.

அதற்கு முந்தைய வேலைகள் மாதிரி செய்பவர்களுக்குத் தெரிந்தவைதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவி, அச்சு எண்ணெயைப் போக்க வேண்டும். ஒட்டித் தேய்த்து முடித்தபின் மெல்லிய பிரைமர், அதாவது அடிப்பூச்சு. பிறகு ஏர்பிரஷ் என்னும் காற்றுத் தெளிப்பான்: 0.3 மி.மீ. முனை, சுமார் 15 பி.எஸ்.ஐ. அழுத்தம், பால் பதத்துக்குத் தின்னர் கலந்த அக்ரிலிக். 1940 கோடைக்கால ஸ்பிட்ஃபயர் என்றால் மேலே டார்க் எர்த் என்னும் பழுப்பு, டார்க் கிரீன், அடியில் ஸ்கை என்னும் வெளிர் பச்சை. காய்ந்ததும் பளபளப்பான கிளாஸ் வார்னிஷ் இரண்டு மூன்று மெல்லிய பூச்சு, ஒரு நாள் ஓய்வு, டீக்கால் (மாதிரியில் ஒட்டும் அடையாளப் படங்கள்), அதன்மேல் மறுபடியும் ஒரு கிளாஸ் பூச்சு. டீக்காலுக்கு எந்தப் படைப்பிரிவைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிப்பவர்களுக்கு: போர் நிதி வழங்கிய சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் இருந்தன. அவற்றில் 234-வது 'மெட்ராஸ் பிரசிடென்ஸி' ஸ்குவாட்ரன் 1940-ல் ஸ்பிட்ஃபயர் ஓட்டியது. அதன் எழுத்து அடையாளம் ஏ-இசட்.

இனி வாஷ். ஓவியர்கள் பயன்படுத்தும் எண்ணெய் வண்ணம் ஒரு பங்கு, ஒயிட் ஸ்பிரிட் என்னும் பெட்ரோலியக் கரைப்பான் 8 முதல் 10 பங்கு. வண்ணத்தை முதலில் ஓர் அட்டைமேல் பிதுக்கி ஒரு மணி நேரம் விட்டால் ஆளிவிதை எண்ணெயில் பெரும்பகுதியை அட்டை உறிஞ்சிவிடும். வாஷ் சீக்கிரம் காயும், பளபளக்காது. பச்சைக்கும் பழுப்புக்கும் பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பில் துளி கறுப்பு. ஸ்கை நிற அடிப்பகுதிக்கு அதுவே அதிகம். சாம்பலில் கொஞ்சம் பழுப்பு கலந்தால் போதும். மெல்லிய தூரிகையின் நுனியால் கோட்டை ஒரே ஒரு இடத்தில் தொட வேண்டும். தொட்டதும் வண்ணம் இரு பக்கமும் கோடு வழியே பாய்ந்து ஓடும்.

இந்த ஓட்டத்தைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். பம்பு இல்லை, சரிவு இல்லை. இறக்கையைச் செங்குத்தாகப் பிடித்தாலும் மேல்நோக்கிக்கூட ஓடுகிறது. நுண்புழை ஏற்றம் என்று பள்ளியில் படித்ததுதான். ஆனால் பள்ளியில் காட்டியது மூடிய கண்ணாடிக் குழாய். இங்கே பள்ளத்தின் மேல்பக்கம் திறந்து கிடக்கிறது, அதனால் கணக்கே மாறிவிடுகிறது.

பள்ளத்தில் திரவம் ஒரு மயிரிழை முன்னேறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது அடித்தளமும் இரண்டு சுவர்களும் புதிதாக நனைகின்றன. நனைவதில் ஆற்றல் லாபம். அதே நேரம் மேலே, காற்றைத் தொடும் புதிய திரவப் பரப்பு ஒன்றும் உருவாகிறது. அதற்கு ஆற்றல் செலவு; அந்தச் செலவுக்குப் பெயர்தான் பரப்பு இழுவிசை. லாபம் செலவைவிட அதிகமானால் திரவம் தானாக ஓடும், இல்லையென்றால் தொட்ட இடத்திலேயே குமிழாக உட்காரும். லாபம் எவ்வளவு என்பதைச் சேர்கோணம் தீர்மானிக்கிறது; பரப்பின்மேல் துளி உட்காரும்போது அதன் விளிம்பு பரப்போடு செய்யும் கோணம் அது. தாமஸ் யங் 1805-லேயே விளக்கியது.

கணக்கின் முடிவு அழகாக இருக்கிறது. அகலமும் ஆழமும் சமமான பள்ளத்தில் சேர்கோணம் சுமார் 70 பாகைக்குக் கீழ் இருந்தால் திரவம் ஓடும். ஆழம் அகலத்தில் பாதியாகிவிட்டால் 60 பாகைக்குக் கீழ் வேண்டும். ஆழம் கால் பங்கு என்றால் 48. பள்ளம் ஆழம் குறையக் குறைய நிபந்தனை கடுமையாகிறது.

இப்போது எண்களைப் பொருத்திப் பாருங்கள். பளபளப்பான அக்ரிலிக் மேல் தண்ணீரின் சேர்கோணம் ஏறக்குறைய 70 பாகை. எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது, பள்ளம் கொஞ்சம் ஆழம் குறைந்தாலும் ஓடாது. தண்ணீரில் கலக்கும் வாஷ் பாதி வழியில் நின்று முத்து முத்தாகத் திரள்வது இதனால்தான். ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு சேர்த்தால் ஓடத் தொடங்குவதற்கும் இதுவே காரணம்: சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது, சேர்கோணமும் கூடவே இறங்குகிறது. ஒயிட் ஸ்பிரிட்டின் பரப்பு இழுவிசையோ தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதன் சேர்கோணம் பூஜ்யத்தை ஒட்டி இருப்பதால் எவ்வளவு ஆழம் குறைந்த பள்ளத்திலும் ஓடுகிறது. கைராசி என்று சிலர் சொல்வது வாஷ் வேலைக்குப் பொருந்தாது. ஓடவில்லை என்றால் சேர்கோணத்தையும் பள்ளத்தின் ஆழத்தையும் பார்க்க வேண்டும், கையை அல்ல.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. பள்ளத்தின் அடியில் இரண்டு மூலைகள், ஒவ்வொன்றும் 90 பாகை. மூலைக்கோணத்தின் பாதியும் சேர்கோணமும் சேர்ந்து 90-க்குக் குறைவாக இருந்தால், திரவம் பள்ளத்தை நிரப்பாமலே மூலையைப் பிடித்துக்கொண்டு நூலாக ஓடிவிடும். இங்கே பாதி 45. ஆகவே சேர்கோணம் 45-க்குக் கீழே இருந்தால் போதும். இதைக் கணிதமாக நிறுவியவர்கள் பால் காங்கஸ், ராபர்ட் ஃபின் இருவரும், ஆண்டு 1969. அன்று அந்த ஆய்வுக் கட்டுரையைப் பார்த்தவர்கள் இதனால் என்ன பயன் என்று கேட்டிருக்கலாம். ஈர்ப்பு உணரப்படாத விண்கலத் தொட்டிகளில் எரிபொருளை வெளிவாய்க்குக் கொண்டுவர இன்று இதே மூலை ஓட்டம்தான் பயன்படுகிறது. 2008-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் விண்வெளி வீரர் டான் பெட்டிட் ஒரு பிளாஸ்டிக் தாளை மடித்துக் கோப்பை செய்து, அதன் கூர்மையான மடிப்பு வழியே உதட்டுக்கு ஏறி வந்த காபியைக் குடித்துக் காட்டினார். உடனடிப் பயன் கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் மறுப்பது தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? ஆராய்ச்சிக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதம்கூடச் செலவிடாத நம் நாட்டில் இதை உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மூலை கூர்மையாக இருக்கும்வரைதான் இந்த வித்தை. தடிமனாக வண்ணம் அடித்தால் அதே நுண்புழை விசை ஈர வண்ணத்தையும் மூலைக்கு இழுத்து, காய்ந்ததும் மூலையை மழுக்கிவிடும், ஆழத்தையும் குறைத்துவிடும். பிரைமர், நிறம், கிளாஸ் எல்லாம் சேர்ந்து ஒரு சுவருக்கு 0.05 மி.மீ. ஏறினால் 0.1 மி.மீ. பள்ளம் அடைந்தே போகும். 'வாஷ் சரியில்லை' என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தடித்த பிரைமர். ஒட்டித் தேய்த்த பிறகு, பிரைமர் அடிப்பதற்கு முன்பே எல்லாக் கோடுகளையும் ஸ்கிரைபர் ஊசியால் ஒருமுறை லேசாக இழுத்து ஆழப்படுத்துவது நல்லது. தேய்க்கும்போது இணைப்புகளில் அழிந்த கோடுகளும் அப்போது தெரியவரும்.

வேகத்துக்கும் ஒரு விதி இருக்கிறது. ஓடிய தூரம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடுகிறது. இரண்டு மடங்கு தூரம் ஓட நான்கு மடங்கு நேரம். அதற்குள் ஒயிட் ஸ்பிரிட் ஆவியாகி வாஷ் கெட்டியாகிவிடும். ஆகவே நீண்ட கோட்டை ஒரே தொடலில் நிரப்பப் பார்க்காமல் 2 செ.மீ.க்கு ஒருமுறை தொடுங்கள்.

கிளாஸ் பூச்சு எதற்கு என்பதும் இங்கேயே விளங்கிவிடும். மேட், அதாவது பளபளப்பில்லாத பரப்பு முழுக்க நுண்ணிய மேடு பள்ளம். நனையக்கூடிய பரப்பு சொரசொரப்பானால் இன்னும் அதிகமாக நனையும் என்று வென்செல் 1936-ல் காட்டினார். மேட் பரப்பில் வாஷ் கோட்டைவிட்டுப் பக்கவாட்டில் பரவி, ஓரத்தில் நிறமி சேர்ந்து கறை வளையமாகக் காயும். அந்த வளையத்தைத் துடைத்து எடுப்பது பெரும்பாடு.

துடைப்பதில்தான் பலர் கோட்டை இழக்கிறார்கள். 20 முதல் 30 நிமிடம் விட்டு, வாஷ் மங்கிய பிறகு துடைக்க வேண்டும். துணியை விரலில் சுற்றினால் அது பள்ளத்துக்குள் அமுங்கி நிறமியை எடுத்துவிடும். தட்டையான அழிப்பான்மேல் இறுக்கிச் சுற்றினால் மேல்பரப்பை மட்டும் துடைக்கும். ஒயிட் ஸ்பிரிட்டில் தோய்த்துப் பிழிந்த துணி போதும், சொட்டக் கூடாது. கோட்டுக்குக் குறுக்கே துடையுங்கள், கோட்டோடு அல்ல. கடைசியாக ஒருமுறை மட்டும், காய்ந்த துணியால் காற்றோடும் திசையில், முன்னிருந்து பின்னாக.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரை ஒயிட் ஸ்பிரிட் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். கிளாஸையும் வண்ணத்தையும் கரைத்து பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும். ஒயிட் ஸ்பிரிட்டும் பூச்சில்லாத பாலிஸ்டைரீனுக்கு ஆபத்துதான், அதுவும் இறுக்கமாகச் செருகிய பாகங்களில்: விசையில் இருக்கும் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே புகுந்து விரிசல் விடவைக்கும். சன்னல் திறந்த அறையில் வேலை செய்யுங்கள்.

எல்லாக் கோட்டுக்கும் ஒரே வாஷ் வேண்டாம். இறக்கையிலும் வாலிலும் விமானத்தைத் திருப்பும் பாகங்களான அய்லரான், எலிவேட்டர், ரடர் அசையும் இடங்களில் இருப்பது உண்மையான இடைவெளி. அங்கே கருப்பாகவே விடலாம். எஞ்சின் மூடியும் துப்பாக்கி மூடிகளும் அடிக்கடி கழற்றப்படுபவை. அழுக்கும் எண்ணெயும் சேரும், நடுத்தர அடர்த்தி. தொழிற்சாலையை விட்டு வந்தபின் யாரும் திறக்காத தகடுகளில் கோடு தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் போதும். முஸ்டாங் என்னும் அமெரிக்கப் போர் விமானத்தைச் செய்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும்: காற்று சீராக ஓட வேண்டும் என்பதற்காக அதன் இறக்கையின் முன் 40 சதவீதப் பகுதியில் இணைப்புகளை மக்கு பூசித் தேய்த்துத்தான் வண்ணம் அடித்தார்கள். அங்கே கோட்டை நிரப்பி மூடுவதே சரி. ஸ்பிட்ஃபயரைச் செய்தவர்களும் பரப்பு வழவழப்புக்கு அலைந்தவர்கள்தான். தகடுகளைப் பிணைக்கும் ரிவெட்டுகளில் எவை தட்டையாக இருந்தே ஆக வேண்டும் என்று அறிய, தட்டை ரிவெட்டுகளின்மேல் குமிழ்த்தலை ரிவெட் போல உடைத்த பட்டாணிப் பருப்பை ஒட்டிப் பறந்து, வரிசை வரிசையாக உரித்து வேக இழப்பை அளந்திருக்கிறார்கள்.

எண்ணெய் வண்ணம் காய இரண்டு நாளாவது விட்டு மேட் வார்னிஷ் அடியுங்கள். மேட் பரப்பு வெள்ளொளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் கருத்த இடங்கள் வெளுக்கும், கோடும் ஒரு படி மங்கும். எனவே கிளாஸ் நிலையில் கோடு வேண்டியதைவிடச் சற்றே தூக்கலாக இருக்கட்டும். எவ்வளவு என்பதை, இதே பூச்சுகள் எல்லாம் அடித்த ஒரு வீணான இறக்கையில் பார்த்து முடிவு செய்யலாம். வாஷுக்கு எதிரியாக இருந்த சொரசொரப்பு இப்போது உதவிக்கு வரும்: எக்ஸாஸ்ட் புகைக்கறைக்கு உலர்ந்த நிறமித் தூளை மேட் பரப்பின்மேல்தான் தட்ட வேண்டும், கிளாஸில் நிற்காது. குழாயின் வாயருகே கரும்பழுப்பு, பின்னால் போகப்போக வெளிர் சாம்பல். ஈயம் கலந்த பெட்ரோலின் படிவு அப்படித்தான் இருக்கும். தூளுக்குமேல் வார்னிஷ் அடித்தால் பாதி காணாமல் போகும் என்பதால், பிறகு அந்த இடத்தில் விரல் படாமல் இறக்கை நுனியைப் பிடித்தே தூக்குங்கள்.