ஓவர்க்ளாக்: ஆயுளைத் தின்பது வேகமா, வோல்டேஜா?

"ப்ராசசரை ஓவர்க்ளாக் செய்தால் சீக்கிரம் செத்துவிடுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஓவர்க்ளாக் என்றால் கம்பெனி வைத்த கடிகார வேகத்தைத் தாண்டிச் சிப்பை ஓட்டுவது. அதனால் ஆயுள் குறையும் என்பது உண்மைதான். எவ்வளவு குறையும் என்று கேட்டால், எத்தனை மெகாஹெர்ட்ஸ் ஏற்றினீர்கள் என்பதை வைத்துச் சொல்லவே முடியாது. எத்தனை வோல்ட் ஏற்றினீர்கள், எவ்வளவு சூட்டில் ஓட்டுகிறீர்கள் என்று சொன்னால் ஓரளவு கணிக்கலாம்.

இன்டெல் 1998இல் விற்ற செலரான் 300ஏ நல்ல உதாரணம். பஸ் வேகத்தை, அதாவது சிப்பும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் வேகத்தை, 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450இல் ஓடும். அப்படியே ஒன்றரை மடங்கு! பல சிப்புகள் கம்பெனி வைத்த 2 வோல்ட்டிலேயே இதைச் செய்தன, வருடக்கணக்கில் உழைக்கவும் செய்தன. நான்கே ஆண்டுகள் கழித்து பென்டியம் 4 நார்த்வுட் வந்தது. அதன் இயல்பு வோல்டேஜ் 1.5. அதை 1.7க்கு மேல் ஏற்றியவர்களின் சிப்புகள், நல்ல கூலர் இருந்தும், சில வாரங்களிலும் மாதங்களிலும் செத்து விழுந்தன. 'நார்த்வுட் திடீர் மரணம்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

சிப் இழுக்கும் மின்திறன் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும். 4 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டில் ஓடுவதை 4.6 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்குக் கொண்டுபோனால் வேகம் 15 சதவீதம் கூடும், மின்திறன் ஏறத்தாழ 45 சதவீதம் கூடும். கூடியது அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரவேண்டும்.

இந்தச் சூடும் கூடுதல் மின்னோட்டமும் சேர்ந்து சிப்புக்குள் செய்கிற வேலைக்கு எலக்ட்ரோமைக்ரேஷன் என்று பெயர். உலோகக் கம்பியே இருந்த இடத்தை விட்டு மெல்ல நகர்ந்துபோவது! வீட்டு வயரிங்கில் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 10 ஆம்பியர் ஓடினால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 670 ஆம்பியர் என்று கணக்கு வரும். டிரான்சிஸ்டர்களை இணைக்கும் நுண்கம்பிகளில் இந்த அடர்த்தி பத்து லட்சம் ஆம்பியரைத் தொடும். வீட்டு ஒயர் என்றால் நொடியில் உருகிவிடும். சிப்புக்குள் இருப்பதோ தலைமுடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன், சுற்றிலும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளத் திடப்பொருள் இருக்கிறது. அதனால் உருகாமல் தப்பிக்கிறது.

ஆனால் அத்தனை நெரிசலாக ஓடும் எலக்ட்ரான்கள் உலோக அணுக்களை மோதிமோதித் தாங்கள் போகும் திசையிலேயே தள்ளுகின்றன. உலோகம் சின்னச்சின்னப் படிகமணிகளால் ஆனது. ஒரு படிகத்தின் நடுவில் நாலாபக்கமும் பிணைப்புள்ள அணு அசையாது. படிகமணிகளின் எல்லையிலும் கம்பியின் மேற்பரப்பிலும் பிடிப்புக் குறைந்த அணுக்கள் உண்டு. அவை சூட்டில் துள்ளும்போது எலக்ட்ரான்கள் ஒரு தள்ளு கொடுத்தால் அடுத்த காலியிடத்துக்குப் போய்விடும். ஒரு முனையில் அணுக்கள் குறைந்து பள்ளம் விழும், மறுமுனையில் குவிந்து மேடாகும். மேடு வளர்ந்து பக்கத்துக் கம்பியைத் தொட்டால் ஷார்ட். பள்ளம் வளர்ந்தால், மிச்சமுள்ள மெல்லிய இடத்தில் மின்னோட்டம் இன்னும் நெரிந்து, இன்னும் சூடாகி, பள்ளம் இன்னும் வேகமாக வளரும். வருடக்கணக்கில் எதுவுமே தெரியாமல் இருந்துவிட்டுக் கடைசியில் சட்டென்று கம்பி அறுந்துபோவது இதனால்தான்.

மோட்டோரோலாவில் இருந்த ஜேம்ஸ் பிளாக் 1960களின் கடைசியில் இதற்கு ஒரு சமன்பாடு கொடுத்தார். கம்பியின் சராசரி ஆயுள் மின்னோட்ட அடர்த்தியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும், வெப்பநிலை ஏற ஏற அடுக்குக்குறி வேகத்தில் குறையும். அணு இடம் நகரத் தேவைப்படும் ஆற்றலாகத் தாமிரத்துக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் 0.9 எலக்ட்ரான்வோல்ட்டைப் போட்டுப் பாருங்கள்: 70 டிகிரியில் ஓடியது 90 டிகிரிக்குப் போனால் ஆயுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிறது. அடர்த்தி 20 சதவீதம் கூடினால் அதிலும் 30 சதவீதம் போகும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்து 1976இல் இலான் பிளெக் காட்டிய விஷயம். கம்பி போதிய அளவு குட்டையாக இருந்தால் அதற்கு இந்த நோயே வராது! மறுமுனையில் குவியும் அணுக்கள் உள்ளுக்குள் ஓர் அழுத்தத்தை உண்டாக்கி, வரும் அணுக்களைத் திருப்பித் தள்ளுகின்றன. எலக்ட்ரான் தள்ளுவதும் அழுத்தம் எதிர்த்துத் தள்ளுவதும் சமமானதும் நகர்வு நின்றுவிடுகிறது. மின்னோட்ட அடர்த்தியையும் கம்பி நீளத்தையும் பெருக்கி வரும் எண் ஒரு வரம்புக்குள் இருந்தால் போதும். வடிவமைப்பாளர்கள் இந்த வரம்பை நம்பியே பல கம்பிகளை அமைக்கிறார்கள். ஓவர்க்ளாக் செய்து அடர்த்தியை ஏற்றும்போது, வரம்புக்குச் சற்றே உள்ளே இருந்த கம்பிகள் வெளியே வந்துவிடலாம். தேயவே வேண்டாதது தேயத் தொடங்கும்.

டிரான்சிஸ்டர்களும் முதுமை அடைகின்றன. ஒருசில நானோமீட்டர் தடிமனே உள்ள மின்காப்புப் படலத்தில் வோல்டேஜ் கூடக் கூட மின்னூட்டங்கள் சிக்கிக்கொள்ளும், டிரான்சிஸ்டர் மந்தமாகும். வோல்டேஜை எடுத்தால் ஒரு பகுதி சரியாகும், முழுக்க ஆகாது. நேற்று 1.20 வோல்ட்டில் ஓடிய அதே வேகத்துக்கு நாளை 1.23 தேவைப்படும். புது ப்ராசசரை முதல் வாரம் அதிக வோல்டேஜில் 'பழக்கினால்' பிறகு நன்றாக ஓடும் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். சுத்த மூடநம்பிக்கை. காசு கொடுத்து வாங்கிய சிப்பை முதல் வாரத்திலேயே கிழவனாக்குவதுதான் அது.

ஓவர்க்ளாக்கே செய்யாதவர்களும் அடிபட்டார்கள். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் கேம்களில் க்ராஷ் ஆகிக்கொண்டிருந்தபோது, சிப்பே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கிறது என்று 2024 ஜூலையில் கம்பெனி ஒப்புக்கொண்டது. கடிகார சிக்னலைக் கொண்டுபோகும் சர்க்யூட் அதில் தேய்ந்துபோயிருந்தது. ஆகஸ்ட் மாத மைக்ரோகோட் (சிப்பின் உள்மென்பொருள்) அப்டேட் அந்தக் கோரிக்கையை 1.55 வோல்ட்டில் நிறுத்தியது, வாரண்டி 2 ஆண்டுகள் நீண்டது. ஏற்கெனவே தேய்ந்த சிப்பை எந்த அப்டேட்டும் சரிசெய்யாது. பெஞ்ச்மார்க் என்னும் வேகச் சோதனையில் 3 சதவீதம் முந்துவதற்காக, மதர்போர்டின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயாஸில் பவர் லிமிட்டைத் திறந்துவிட்டு அதை 'டிஃபால்ட்' என்று விற்கும் மதர்போர்டு கம்பெனிகளையும் சும்மா விடக்கூடாது என்பேன்.

ராமை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டும் ரெடிமேட் செட்டிங்கான ராம் ப்ரொஃபைலும் ஓவர்க்ளாக்தான், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2023இல் ஏஎம்டி கம்பெனியின் சில ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் கருகியபோது காரணமாக நின்றது ராம் வேகத்தோடு சேர்ந்து ஏறிய எஸ்ஓசி வோல்டேஜ், அதாவது சிப்புக்குள் ராமைக் கையாளும் பகுதிக்குப் போகும் வோல்டேஜ். ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டிப்போட்டது. ராம் ப்ரொஃபைலைப் போட்டதும் அந்த வோல்டேஜைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஓவர்க்ளாக் செய்தே தீருவேன் என்பவர்கள் முதலில் வோல்டேஜை 'ஆட்டோ'விலிருந்து எடுங்கள். மல்டிப்ளையரை (அடிப்படை வேகத்தைப் பெருக்கிச் சிப்பின் வேகத்தைத் தரும் எண்) ஏற்றினால் ஆட்டோ தாராளமாக வோல்ட்டைக் கொட்டும். இயல்பு வோல்டேஜிலேயே மல்டிப்ளையரை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் முழு லோடில் ஓட்டுங்கள். தடுமாறினால் ஒரு படி இறங்கி அங்கேயே நில்லுங்கள். பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும் வேகம் அவ்வளவுதான். லோட்-லைன் காலிப்ரேஷனை (லோடில் வோல்டேஜ் இறங்காமல் தாங்கிப்பிடிக்கும் செட்டிங்) உச்சத்தில் வைக்காதீர்கள். லோடு சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் எகிறும், சாதாரண மானிட்டர் மென்பொருளில் அது தெரியாது. 100 டிகிரிக்கு அருகே சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் கையால் வைத்த வோல்டேஜுக்கு அப்படிப்பட்ட காவல் இருக்குமென்று நம்பவேண்டாம்.

ஒரு வருடம் ஒழுங்காக ஓடிய செட்டிங் திடீரென்று க்ராஷ் ஆனால், அல்லது விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் ஹார்டுவேர் பிழை எச்சரிக்கைகள் வரத் தொடங்கினால், கை தானாக வோல்டேஜை ஏற்றத்தான் போகும். ஏற்றினால் தேய்மானம் இன்னும் வேகமாகும். மல்டிப்ளையரில் ஒன்றோ இரண்டோ குறையுங்கள். எல்லாவற்றையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுவந்தும் க்ராஷ் ஆனால், ப்ராசசரைக் குறை சொல்வதற்கு முன் ராமை ஒவ்வொரு ஸ்டிக்காகக் கழற்றி மெம்டெஸ்ட் என்னும் ராம் சோதனை மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். பல நேரம் குற்றவாளி அங்கேதான் இருக்கும்.