பிள்ளை பிறந்த பிறகு யார் வந்து பார்க்கிறார்கள்?

அமெரிக்கா 2022இல் மருத்துவத்துக்குச் செலவழித்தது ஆளுக்கு 13,000 டொலருக்கும் மேல். இலங்கையில் அது இருநூறு டொலரைக்கூட எட்டவில்லை. அப்படியிருந்தும் 2021இல் அமெரிக்காவில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 32.9 தாய்மார் இறந்தார்கள். இலங்கையில் கோவிட்டுக்கு முந்திய வருடங்களில் இந்த எண் 30ஐ ஒட்டியே நின்றது. கோவிட் அமெரிக்காவில் கணக்கைக் கூட்டியது உண்மைதான், 2023இல் அங்கே 18.6க்கு இறங்கிவிட்டது. ஆனால் அதே 2023இல் கறுப்பினத் தாய்மாரை மட்டும் எடுத்தால் 50.3.

இலங்கையில் மகப்பேற்று வார்டிலும் பிறகு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் வேலை செய்த அனுபவத்தில் சொல்கிறேன்: வார்டு என்று பார்த்தால் அமெரிக்கர்களுடையதுதான் திறம். சிக்கல் வீட்டுக்கு அனுப்பிய பிறகு. அமெரிக்காவில் கர்ப்பம் தொடர்பான மரணங்களில் பாதிக்கு மேல், பிள்ளை பிறந்து ஒரு வாரம் கழித்து ஒரு வருடத்துக்குள் நடக்கின்றன. ஐந்தில் நான்கு தடுக்கக்கூடியவை என்று அவர்களுடைய ஆய்வுக் குழுக்களே சொல்கின்றன. இரண்டு நாளில் வீடு. அடுத்து டாக்டரைப் பார்ப்பது பலருக்கு ஆறு வாரம் கழித்துத்தான்.

இங்கே இலங்கையில் அந்த இடைவெளிக்குள் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது அரசாங்க மிட்வைஃப், வீட்டுக்கே வந்து நிற்பார். முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவையாவது வரவேண்டும் என்பது விதி. வந்தவர் பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் போகமாட்டார். தாயின் காலைப் பெருவிரலால் அமத்தி வீக்கம் பார்ப்பார், அடிவயிற்றைத் தொட்டுக் கருப்பை சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பார், இரத்தப்போக்கு நாறுகிறதா என்று கூச்சமில்லாமல் கேட்பார். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை இது: ஒரு பகுதி மக்களின் சுகாதாரத்தை ஒரே பணிமனை கவனிக்கும். ஒரு தாய் இறந்தால் ஏன் என்று விசாரணையும் உண்டு.

இதற்காக மார்தட்டத் தேவையில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்து இல்லாமல் நாங்கள் பட்ட பாடு தெரியும். நீரிழிவு, மாரடைப்பு என்று வந்தால் எங்கள் ஏற்பாடு இன்னும் பின்தங்கித்தான் நிற்கிறது. இன்னொன்று, தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற வசதியான குடும்பங்கள் சில ‘மிட்வைஃப் எதற்கு?’ என்று பதியாமலே விடுகின்றன. எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான்.

மகளின் பிரசவத்துக்குத் துணையாக அமெரிக்கா போகிற அம்மாமாருக்கு ஒன்று. அங்கே வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு நீங்களே கவனியுங்கள். ஒரு மணித்தியாலத்தில் ஒரு பேட் நனைகிற அளவுக்கு இரத்தம், காய்ச்சல், விடாத தலையிடியோடு கண் மங்கல், ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, மூச்சு முட்டுதல், பிள்ளையையோ தன்னையோ ஏதாவது செய்துவிடுவேன் என்ற பேச்சு: இவற்றில் எது வந்தாலும் பத்தியம், பச்சை உடம்பு என்று சமாதானம் சொல்லிக் காத்திருக்காதீர்கள். அங்கத்தைய அவசர இலக்கம் 911க்கு அடித்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினாலும், ‘பிள்ளை பிறந்து இத்தனை நாள்’ என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். வெறும் தலையிடி என்று பதிந்து வரிசையில் இருத்திவிட்டால் நேரம் போய்விடும்.